ஒரே வயிறு, ஒரே குணமா?

பிள்ளை வளர்ப்பு பற்றிப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

ஒரு தாய், பாகூர்: மூத்தவள் ஒரு தடவை சொன்னால் கேட்பாள். சின்னவன் பத்துத் தடவை சொன்னாலும் முரண்டு. ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. எங்கே தப்பு?

மூன்றாவது ‘ஒரே’யில். மூத்தவள் அளவுக்குத் தைத்ததைச் சின்னவனுக்கு மாட்டினால் எங்காவது பிடிக்கத்தான் செய்யும். நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ், அலெக்ஸாண்டர் தாமஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956-ல் தொடங்கி, கைக்குழந்தைகளைப் பெரியவர்கள் ஆகும்வரை விடாமல் கவனித்தார்கள். நூற்றுக்கு 40 குழந்தைகள் எளிதில் பழகினார்கள். 10 பேர் எதற்கும் முரண்டு பிடித்தார்கள். 15 பேர் மெல்ல மெல்லத்தான் ஒட்டினார்கள். மீதி 35 பேர் கலவை. உங்கள் சின்னவன் அந்தப் பத்தில் ஒருவனாக இருக்கலாம். விளையாட்டின் நடுவே கையைப் பிடித்து இழுக்காமல், “இன்னும் பத்து நிமிஷத்தில் குளிக்கணும்” என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள்.

கல்லூரி மாணவி, வில்லியனூர்: குணம் பிறவியா, வளர்ப்பா?

இரண்டு ‘ஆ’வையும் எடுத்துவிட்டு ‘உம்’ போடுங்கள்: பிறவியும் வளர்ப்பும். ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய சத்தம், புதிய பொம்மை, புதிய வாசனை காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுதது. வளர்ந்தபின் கூச்சம் அதிகம் தெரிந்தது இவர்களிடம்தான். ஆனால் எல்லாரும் அப்படி ஆகவில்லை. பொத்திப் பொத்தி வைக்காமல், அன்போடு கொஞ்சம் கொஞ்சமாக உலகத்தைப் பழக்கிய வீடுகளில் அந்தப் பயம் குறைந்தது.

ஒரு தாய், ஒதியம்பட்டு: வில்லியனூர் தேருக்குக் கூட்டிப்போனால் மகள் என் முந்தானையை விடமாட்டாள். சொந்தக்காரர்கள் “ஊமைக்கோட்டான்” என்கிறார்கள். அவமானமாக இருக்கிறது.

முதல் வேலை, அந்தப் பட்டத்தைப் பிள்ளை காதில் விழாமல் நிறுத்துவது. “இவள் பார்த்துப் பழகுவாள்” என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். இரண்டாவது, கூட்டம் சேருமுன் பழக்குவது. துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிற தேர், நெருக்கியடிக்கும் கூட்டம், மேளம், வெடி எல்லாம் ஒரே நேரத்தில் மேலே விழுந்தால் எந்தக் குழந்தையும் மிரளும். முதல் நாள் சாயங்காலம் தேரடிக்குக் கூட்டிப் போய்ச் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். தேர் அன்று ஓரமாக நின்று பாருங்கள். அவளாகக் கையை விடும்வரை நீங்கள் விடாதீர்கள்.

ஒரு தாத்தா, வில்லியனூர்: பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா நான். பேரன் ஐந்து நிமிஷம் ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான். ஒழுங்கு வேண்டாமா?

கட்டாயம் வேண்டும் ஐயா. உங்கள் படையிலும் ஓட்டமும் அணிவகுப்பும் இருந்தனவே! சிலருக்கு உடம்பு ஓடினால்தான் மனசு நிற்கும். பள்ளி விட்டு வந்ததும் புத்தகத்தின் முன் உட்காரவைக்காமல் ஆற்றோரம் ஒரு நடை கூட்டிப் போங்கள். பிறகு கால்மணி நேரம் படிப்பு, ஐந்து நிமிஷம் ஓட்டம். அந்த ஒழுங்கை நடத்த உங்களைவிடத் தகுந்த ஆள் யார்?

விவசாயி, குருவிநத்தம்: அடியாத மாடு படியாது என்பார்களே?

மாடு பூட்டியவர் நீங்கள். இடத்து மாட்டை வலத்தில் கட்டி ஏர் ஓட்டுவீர்களா? எது எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்த்துத்தானே பூட்டுகிறீர்கள்? மாட்டுக்குக் கொடுக்கிற அந்தக் கவனத்தைப் பிள்ளைக்கும் கொடுங்கள். அடி, பயந்த பிள்ளையை இன்னும் ஒடுக்கும்; முரட்டுப் பிள்ளையை இன்னும் முரடாக்கும். பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009-ன் கல்வி உரிமைச் சட்டமே தடுக்கிறது. வாத்தியார் கையில் இல்லாத பிரம்பு வீட்டுக்கு எதற்கு?

ஒரு தந்தை, கிருமாம்பாக்கம்: குணத்துக்குத் தக்கபடி வளர்ப்பது என்றால் செல்லம் கொடுத்துக் கெடுப்பதுதானே?

இல்லை. சட்டம் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்று: பொய் கூடாது, அடுத்தவரை அடிக்கக் கூடாது, கேட்டதெல்லாம் கிடைக்காது. சொல்லும் விதம்தான் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒருத்திக்கு உங்கள் முகம் மாறினால் போதும். இன்னொருவன் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து இரண்டே வார்த்தையில் சொல்ல வேண்டும். மிட்டாய்க்காகக் கடையில் புரண்டு அழுதால், அழுகை அடங்கும்வரை பக்கத்தில் இருங்கள். மிட்டாய் மட்டும் வேண்டாம். அணைப்பு உண்டு, விட்டுக்கொடுப்பு இல்லை.

ஒரு தாய், கூடப்பாக்கம்: எனக்கு எல்லாம் படபடவென்று நடக்கணும். மகள் மசமச. தினமும் பள்ளி பஸ் நேரத்தில் சண்டை.

நல்ல கேள்வி. உங்கள் குணத்தையும் சேர்த்துச் சொன்னீர்கள். செஸ்-தாமஸ் தம்பதி வந்து சேர்ந்த முடிவும் இதுதான்: தொல்லை பிள்ளையின் குணத்தில் மட்டும் இல்லை, அந்தக் குணமும் வீட்டின் எதிர்பார்ப்பும் பொருந்தாமல் போவதில் இருக்கிறது. அவளை வேகமாக்க முடியாது. ஆனால் காலையைச் சீக்கிரம் தொடங்க முடியும். இரவே பையை அடுக்கி, சீருடையை எடுத்து வையுங்கள். இருபது நிமிஷம் முன்னதாக எழுப்புங்கள். நிதானமான பிள்ளை செய்வதைத் திருத்தமாகச் செய்வாள். அதையும் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், வில்லியனூர்: பிள்ளை களிமண். நாம் பிடித்ததுதான் உருவம். சரியா?

சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரிலிருந்து கேட்கிறீர்கள். உங்கள் ஊர்க் கைவினைஞரையே கேளுங்கள். மண்ணைப் பிசைந்து பார்க்காமல் அவர் வேலையைத் தொடங்கமாட்டார். பசை அதிகமென்றால் மணல் சேர்ப்பார். அவசரமாக உலர்த்தினால் வெடிக்கும் என்று நிழலில் வைப்பார். மண் சொல்வதைக் கேட்டுத்தான் அவர் கை போகிறது. ஸ்ரீ அரவிந்தரும் இதே கருத்துடையவர். அவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது 1910-ல். அதே ஆண்டு வெளிவந்த கல்விக் கட்டுரைகளில், பெற்றோர் விரும்பிய உருவத்துக்குப் பிள்ளையை அடித்து வளைப்பதை அவர் கடுமையாகக் கண்டித்தார்.

ஒரு தாய், மங்கலம்: எல்லாவற்றையும் குணம் என்று விட்டுவிடலாமா?

கூடாது. ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேசிய பேச்சு நின்றுபோனது என்றால் தாமதிக்காதீர்கள். பள்ளியிலும் வீட்டிலும் பிள்ளையால் எதுவுமே செய்ய முடியாத அளவு துறுதுறுப்போ பயமோ இருந்தாலும் அப்படியே. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் ஜிப்மர் மருத்துவமனையில் குழந்தை மருத்துவமும் மனநல மருத்துவமும் இருக்கின்றன. “வளர்ந்தால் சரியாகும்” என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நஷ்டம்.

ஒரு தந்தை, சேலியமேடு: கடைசியாக, இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று சொல்லுங்கள்.

இன்று இரவு பிள்ளை தூங்கியபின், அவனைப் பற்றி நீங்கள் அடிக்கடி சொல்லும் வசவை ஒரு தாளில் எழுதுங்கள். பிடிவாதக்காரன், பயந்தாங்கொள்ளி, வாலு, மந்தம், எதுவானாலும். அதே குணம் எந்த இடத்தில் அவனுக்குக் கைகொடுக்கும் என்று யோசித்து, அதற்கேற்ற நல்ல சொல் ஒன்றைப் பக்கத்தில் எழுதுங்கள். நாளைக் காலையில் அந்த இரண்டாவது சொல்லால் அவனைக் கூப்பிடுங்கள்.