கேட்டுப் பார்த்தால் தெரியும்!

கே: மிக்ஸி வாங்கணும் என்று வீட்டில் பேசினோம். உடனே போனில் மிக்ஸி விளம்பரம். ஒட்டுக் கேட்கிறார்களா?

ப: அந்தச் சிரமம் எதற்கு? நீங்கள் பேசுவதற்கு முன்பே வீட்டில் யாராவது விலை தேடியிருப்பார்கள். ஒரே வைஃபை, ஒரே குடும்பம் என்று கணக்குப் போட அது போதும்.

கே: ஓர் இணையப் பக்கம் திறப்பதற்குள் விளம்பரம் எப்படி வந்து உட்காருகிறது?

ப: ஏலத்தில்! நீங்கள் இருக்கும் ஊர், போன் ரகம், படிக்கும் பக்கம் எல்லாம் ஏலதாரர்களுக்குப் போகும். அதிக விலை சொன்னவருக்கு இடம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். வில்லங்கம் என்னவென்றால், தோற்றவர்களுக்கும் உங்கள் விவரம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கே: விளம்பரக் காசின் ஆபத்து கூகுளுக்குத் தெரியாதா?

ப: தெரியாமல் என்ன! விளம்பரத்தை நம்பி ஓடும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று கூகுளைத் தொடங்கிய பிரின்னும் பேஜும் 1998-லேயே ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். 2000-ல் விளம்பரக் கடையைத் திறந்தார்கள்.

கே: பிரவுசரில் இன்காக்னிட்டோ என்ற ரகசிய ஜன்னலில் போனால் யாருக்கும் தெரியாதாமே?

ப: வீட்டுக்காரருக்குத் தெரியாது. கூகுளுக்குத் தெரிகிறது என்றுதான் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். 2024-ல் சமரசமாகி, சேர்த்துவைத்த பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

கே: விவரம் எடுக்க இணையப் பக்கங்கள் காட்டும் 'சம்மதம்' பட்டனை நாம்தானே அமுக்குகிறோம்?

ப: 'சம்மதம்' பளிச்சென்று முன்னால் நிற்கும். 'வேண்டாம்' நாலு பக்கம் உள்ளே ஒளிந்திருக்கும். நேராகக் கேட்டால் என்ன ஆகும் என்பதை 2021-ல் ஆப்பிள் காட்டியது. 'இந்த ஆப் உங்களைப் பின்தொடரலாமா?' என்று ஐபோன் கேட்டது. ஏராளமானவர்கள் 'வேண்டாம்' என்றார்கள். இதனால் 2022-ல் சுமார் 1,000 கோடி டாலர் அடிபடும் என்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவே சொன்னது. அத்தனை பணமும் நம்மிடம் கேட்காததன் விலை!

கே: அப்படியானால் ஆப்பிள் உத்தமரா?

ப: அவரும் விளம்பரம் விற்கிறார். அந்தக் கேள்வியை அமல்படுத்திய விதம் சரியில்லை என்று 2025-ல் பிரான்ஸ் 15 கோடி யூரோ அபராதம் போட்டது.

கே: நம் விவரங்களைக் காக்க நம் நாட்டில் சட்டம் உண்டா?

ப: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ல் வந்த சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. அது போவது அரசுக் கஜானாவுக்கு. விவரம் உங்களுடையது, வசூல் அவர்களுடையது.

கே: நான் என்னதான் செய்வது?

ப: ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் விளம்பர ஐடியை அழிக்கலாம். டார்ச் லைட் ஆப் காண்டாக்ட்ஸ் கேட்டால், 'வெளிச்சத்துக்கு எதுக்குய்யா என் மாமியார் நம்பர்?' என்று கேட்டுவிட்டு 'வேண்டாம்' அமுக்குங்கள்.