லேபிள் இளைத்த கதை

ஸ்வீடன், டென்மார்க், நார்வே பாணி உடைகள் நம் மால்களுக்கும் கைபேசிக்கும் வந்துவிட்டன. அளவுக் குழப்பமும் சேர்ந்தே வந்திருக்கிறது. இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். அந்தப் பாதிக்கு இங்கே பதில்.

கே: ஸ்வீடன் கடையில் வாங்கிய கவுனில் 38 என்று போட்டிருக்கிறது. என் மார்பளவு 34 இஞ்ச். 38 இஞ்ச் என்றால் எனக்குத் தொளதொளக்கும். 38 செ.மீ. என்றால் தொடைக்குக்கூடப் போதாது. இது எதன் அளவு? (வாசகி, கோயம்புத்தூர்)

ப: மார்பளவிலிருந்து பிறந்த எண்தான். மார்புச் சுற்றளவைச் செ.மீ.யில் எடுத்துப் பாதியாக்கி, அதில் 6-ஐக் கழியுங்கள். 88 என்றால் பாதி 44, கழித்தால் 38. அதே கணக்கில் 84-க்கு 36, 92-க்கு 40. ஜெர்மனியும் ஸ்காண்டிநேவிய நாடுகளும் இந்த வரிசையில் எண் போடுகின்றன. பிரான்ஸ் இதோடு 2 கூட்டும், இத்தாலி 6 கூட்டும். ஆகவே ஸ்டாக்ஹோமில் 38 ஆக இருப்பவர் பாரிஸில் 40, மிலானில் 44. வழியில் விமானத்தில் சாப்பிட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆண்களுக்குக் கழித்தலே கிடையாது. மார்பு 100 செ.மீ. என்றால் கோட் அளவு 50.

உங்கள் 34 இஞ்ச் என்பது 86 செ.மீ. சொச்சம். 36-க்கும் 38-க்கும் நடுவில் நிற்கிறீர்கள். நெகிழாத துணி என்றால் 38, பின்னலாடை என்றால் 36.

கே: என் பழைய எச் அண்ட் எம் உடையில் பிரிட்டிஷ் அளவு 12. புதிதாக வாங்கியது 10, அதுவும் கச்சிதமாக இருக்கிறது. நான் இளைத்துவிட்டேனா? (வாசகி, லண்டன்)

ப: லேபிள் இளைத்திருக்கிறது. பிரிட்டிஷ் கடைகளோடு ஒப்பிட்டால் எச் அண்ட் எம் உடைகள் சின்னதாக இருக்கின்றன என்று வாடிக்கையாளர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2018-ல் அந்த நிறுவனம் 12-க்கு உரிய அளவுகளை அப்படியே 10 என்று மாற்றப்போவதாக அறிவித்தது. துணியில் ஒரு நூல் கூடவில்லை, எண்ணில் மட்டும் இரண்டு குறைந்தது. ஓர் அறிவிப்பில் மாறிவிடக்கூடிய எண்ணுக்காகக் கண்ணாடி முன் நின்று அழுத பெண்கள் எத்தனை பேர்! அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கே: நான் ஒஸ்லோவில இருக்கிறன். இங்க கடையில மீடியம் போட்டுப் பார்த்தால் தோள் தையல் கைக்குப் பாதிவழி வந்து தொங்குது. ஸ்மால் எடுக்கலாமோ? (வாசகி, ஒஸ்லோ)

ப: எடுக்காதீர்கள். தொங்க வேண்டும் என்றுதான் அப்படி வெட்டியிருக்கிறார்கள்.

உடம்புக்கு ஓர் அளவு, துணிக்கு ஓர் அளவு. நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் நம் தையல்காரர் "லூஸ் எவ்வளவு விடட்டும்?" என்று கேட்பார். உடம்பை ஒட்டிய சட்டைக்கு மார்பில் 8 முதல் 10 செ.மீ. லூஸ் விடுவார்கள். ஓவர்சைஸ் சட்டையில் அது 20, 30 என்று போகும். பின்னலாடையில் லூஸே இல்லாமலும் தைப்பதுண்டு, நூல் நெகிழ்ந்து கொடுக்கும். கடையின் அளவு அட்டவணையில் மீடியத்துக்கு எதிரே பெரும்பாலும் இருப்பது உடம்பின் அளவு. லூஸை வடிவமைத்தவரே சேர்த்துவிட்டார். அதை நீங்கள் மறுபடி கழிக்கப் போனால் என்ன ஆகும்? தோள் தையல் ஒரு விரல்கூட ஏறாது. ஆனால் கழுத்து, கைநீளம், அக்குள் எல்லாம் உங்களைவிடச் சிறிய உடம்புக்கு உரியதாகிவிடும். தோள் தொங்கும், அக்குள் பிடிக்கும். இரண்டு கஷ்டமும் ஒரே சட்டையில்.

அந்த அகலத்துக்கு உங்கள் ஊர்க் குளிரும் ஒரு காரணம். உள்ளே மெல்லிய கம்பளி, அதன் மேல் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றையும் மூடி ஒரு கோட். ஆகவே கோட் வாங்கப் போகும்போது உங்களிடம் உள்ளதிலேயே தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போங்கள். ஜூலையில் டி-ஷர்ட்டோடு போய் எடுத்த கோட்டுக்கு ஜனவரியில் பொத்தான் போட முடியாது.

நல்ல ஓவர்சைஸ் உடையில் எல்லா இடமும் பெரிதாக இருக்காது. கழுத்து சரியாக உட்காரும், கையை மடித்தால் மணிக்கட்டு தெரியும், விளிம்பு எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடியும். எச் அண்ட் எம் குழுமத்தின் காஸ் கடை 2007-ல் லண்டனில் தொடங்கியதிலிருந்தே பெட்டி மாதிரி அகல வெட்டுக்குப் பெயர் பெற்றது. அங்கே போனால் இந்த மூன்று இடங்களையும் தொட்டுப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் தொங்கும் தோள் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் உரிமை. அப்போது மாற்ற வேண்டியது மாடலை. ரெகுலர் ஃபிட்டில் அதே மீடியம் எடுங்கள்.

கே: என் உயரம் 5 அடி. ஸ்காண்டிநேவிய பேன்ட் எது வாங்கினாலும் தரையைப் பெருக்குகிறது. காலை வெட்டித் தைத்தால் சரியாகிவிடுமா? (வாசகி, மதுரை)

ப: எந்த வெட்டு என்பதைப் பொறுத்தது. ஸ்வீடன், டென்மார்க் பெண்களின் சராசரி உயரம் 166 செ.மீ.க்கு மேல். இந்தியப் பெண்களின் சராசரி 152 செ.மீ.க்கு அருகில். அந்த 14 செ.மீ. முழுவதும் கணுக்காலில் இல்லை. இடுப்பிலிருந்து தொடைக்குள் இறங்கும் நீளம், முழங்கால் வரும் இடம், பாக்கெட் நிற்கும் இடம் என்று எல்லாவற்றிலும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது. நேர்க்கால் பேன்ட், அகலக்கால் பேன்ட் என்றால் தைரியமாக வெட்டுங்கள். கீழே குறுகும் பேன்ட்டை வெட்டினால் குறுகிய பகுதிதான் கத்தரிக்குப் போகும். மிச்சம் தொளதொளவென்று நிற்கும்.

கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி அவர்கள் தைக்கும் பேன்ட் உங்களுக்கு முழுநீளம். வெட்டாமல் கிடைக்கும் அதிர்ஷ்டம் அது, தேடி எடுங்கள். ஜீன்ஸில் இரண்டு எண் இருக்கும்: முதலாவது இடுப்பு, இரண்டாவது உள்கால் நீளம், இரண்டும் இஞ்ச். 28 நீளம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஸ்வீடனில் 1960-ல் தொடங்கிய ஃபியெல்ரேவன் சில மலையேற்ற பேன்ட்டுகளைக் கால் விளிம்பு மடிக்காமலேயே விற்கிறது. வாங்குபவர் தன் நீளத்துக்கு வெட்டித் தைத்துக்கொள்ளலாம். எல்லா நிறுவனமும் இதைச் செய்யக் கூடாதா என்று ஏங்குகிறேன். ஜெர்மனியின் எண்முறையில் குட்டையானவர்களுக்கென்று தனி வரிசையே உண்டு: 38-ன் குட்டை வடிவம் 19, நெட்டை வடிவம் 76. பாதியும் இரட்டிப்பும்!

கே: பேரனுக்கு நாலு வயது. "104 சைஸில் வாங்குங்கோ அம்மா" என்று நார்வேயிலிருந்து மகள் சொல்கிறாள். குழந்தைக்கு ஏனப்பா 104? (பாட்டி, யாழ்ப்பாணம்)

ப: பயப்படாதீர்கள் அம்மா, அது பேரனின் உயரம். அங்கே குழந்தை உடுப்புக்கு அளவே உயரம்தான், செ.மீ.யில். பிறந்த குழந்தைக்கு 50, பிறகு 56, 62, 68 என்று ஆறு ஆறாக ஏறி, 98, 104, 110 என்று போகும். ஒரே வயதில் ஒரு பிள்ளை நெட்டை, ஒரு பிள்ளை குட்டை. வயதை எழுதி விற்பதைவிட இது எவ்வளவோ நேர்மையான முறை. பேரனைச் சுவரோடு நிறுத்தி அளந்து சொல்லச் சொல்லுங்கள். 101 வந்தால் 104 எடுங்கள். பனிக்கால முழு உடுப்பு என்றால் உள்ளே போடும் கம்பளிக்காக ஒரு படி கூட்டலாம். இரண்டு படி கூட்டினால் தொப்பி கண்ணை மூடும், பிள்ளை விழுந்து எழும்பும்.

கே: திருப்பூரில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஏற்றுமதி பீஸில் அளவு கொஞ்சம் கூடினாலும் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கடையில் ஒரே சைஸ் டி-ஷர்ட் இரண்டு வாங்கினால் இரண்டும் ஒன்றாக இல்லையே? (வாசகர், திருப்பூர்)

ப: பதில் உங்கள் மேஜையில் இருக்கும் மெஷர்மென்ட் சார்ட்டிலேயே இருக்கிறது. டாலரன்ஸ் என்று ஒரு கட்டம் உண்டல்லவா? உதாரணத்துக்கு, மீடியத்தின் அரைமார்பு 52 செ.மீ., லார்ஜ் 55, டாலரன்ஸ் கூடக்குறைய 1 என்று வையுங்கள். 53-ல் விழுந்த மீடியமும் பாஸ், 54-ல் விழுந்த லார்ஜும் பாஸ். இரண்டு சைஸுக்கும் நடுவில் மிஞ்சுவது ஒரே செ.மீ. அதே நேரம் இரண்டு மீடியம்களுக்குள் 2 செ.மீ. வித்தியாசம் இருக்கலாம். அதன் பிறகு சலவையில் பருத்திப் பின்னல் சுருங்குவது வேறு. நீங்கள் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறீர்கள். லேபிளை மட்டும் நம்பி, டேப்பை எடுக்காமல் வாங்குகிறோமே, குறை எங்கள் பக்கம்.

கே: ஆன்லைனில் வாங்கும்போது என் உடம்பை எப்படி அளப்பது? (வாசகர், சேலம்)

ப: உடம்பை விடுங்கள், மூச்சைப் பிடித்து ஏமாற்றும். உங்களுக்கு மிகவும் பிடித்த சட்டையை மேஜையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். கடை துணியின் அளவைக் கொடுத்திருந்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

கே: பெர்கனில் நார்வே கம்பளி ஸ்வெட்டர் வாங்கினேன். போடப் போட விரியும் என்று ஸ்மால் எடுத்தேன். விரியவே இல்லை! (வாசகர், பெர்கன்)

ப: விரியாது. இரண்டு நிற நூலால் கோலம் போட்டுப் பின்னிய ஸ்வெட்டரில், வெளியே தெரியாத நிறம் உட்புறத்தில் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். அந்த நூல்தான் பின்னலை இழுத்துப் பிடிக்கிறது. ஒற்றை நிறப் பின்னல் கொடுக்கும் நெகிழ்வு அதில் இருக்காது. குளிர் தாங்குவதும் அந்த இரட்டை நூலால்தான், அதனால் அதைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே ஒரு சட்டை போட்டு, கையை முன்னால் நீட்டினால் முதுகில் இழுக்காத அளவு எதுவோ அதுதான் உங்களுடையது. லேபிளைக் கிழிக்காமல் வைத்திருந்தால் இன்றைக்கே போய் மீடியம் கேளுங்கள். அதுவரை வெந்நீரில் மட்டும் துவைத்துவிடாதீர்கள், அப்புறம் அது யாழ்ப்பாணப் பாட்டியின் பேரனுக்குத்தான் சேரும்.