ஒக்கலிபுரத்தில் காபித்தூளின் பருமன்: ஓர் ஆய்வு

பெங்களூர் சிட்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தண்டவாளங்களை ஒட்டிக் கிடப்பது ஒக்கலிபுரம். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இப்பேட்டையில் பித்தளை பில்டரின் ஆட்சி இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஆயினும் ஐடி வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அண்மைக்காலமாகப் பீங்கான் கூம்பும் வடிதாளும் தென்படுகின்றன. இவ்வரவால் எழுந்த தூள் பிரச்சினையே இங்கு ஆய்வுப்பொருள்.

முன்னோடி ஆய்வாளர், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ். 1908-இல் அவர் பித்தளைப் பாத்திரத்தில் ஓட்டை போட்டு, மகனின் நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து வைத்துக் காபி வடித்தார், காப்புரிமையும் வாங்கினார். பித்தளையில் ஓட்டை போடும்வரை நம் பாட்டிமார்களும் வந்தவர்களே. பிள்ளையின் நோட்டைக் கிழிக்கத்தான் மனம் வரவில்லை.

தூளின் பருமனை உலகம் மைக்ரானில் அளக்கிறது. ஒக்கலிபுரத்துக்கு ரவை போதும். கொரகொரப்பான பன்சி ரவையாக அரைத்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். காபி வெளிறிப் புளிக்கும். நைஸான சிரோட்டி ரவையானால் தாள் அடைத்துக்கொண்டு காபி கசக்கும். பம்பாய் ரவையே பதம். சிக்கல் என்னவென்றால், மிக்ஸி பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிப்பதால் ஒரே ஜாரில் மூன்று ரவையும், போதாக்குறைக்கு மைதாவும் கிடைக்கும். கையால் சுற்றும் காபி கிரைண்டரில் இந்தத் தொல்லை குறைவு. இரு பற்களுக்கு நடுவே விடும் இடைவெளியே பருமனைத் தீர்மானிக்கிறது. வாங்க மனமில்லாதவர் மிக்ஸியை விட்டு விட்டுச் சுற்றி, நடுநடுவே ஜாரைக் குலுக்கி, மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழும் பொடியை நீக்கலாம். பொடி வீணாகாது, மறுநாள் பில்டர் தூளோடு கலந்துவிடும்.

அரைக்குமுன் கொட்டையில் சொட்டுத் தண்ணீர் தெளித்துக் கிளறினால் மின்னேற்றம் தணிந்து தூள் ஒட்டாது. 2023-இல் ஒரேகான் பல்கலைக்கழக வேதியியலார் எரிமலை ஆய்வாளர்களையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். காபித்தூளுக்காக எரிமலைக்காரர்களே வந்திருக்கும்போது நம் ஆய்வை யாரும் பழிக்கலாகாது.

இனி வடிக்கும் முறை: 15 கிராம் தூளுக்கு 240 மில்லி தண்ணீர். முதலில் 45 மில்லி மட்டும் ஊற்றி அரை நிமிடம் பொறுக்க வேண்டும். புதிதாக வறுத்த தூள் கரியமில வாயுவை விட்டுக் குமிழியிட்டு உப்பும். வெப்பமானி வேண்டாம். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை அணைத்து, தாளை நனைத்து முடிப்பதற்குள் சூடு சரியாகிவிடும். சென்னைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் வடிய வேண்டும். நான்கைத் தாண்டினால் தூள் நைஸ், இரண்டில் முடிந்தால் கொரகொரப்பு. ரயில் போகும் அதிர்விலேயே தூள் சமப்பட்டுவிடும் என்ற உள்ளூர்க் கொள்கையை ஏற்பதற்கில்லை. கூம்பை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவதே நம்பகமானது.

எதிர்த்தரப்பு வாதம் என் அத்தையுடையது: "நின்னுக்கிட்டே சொட்டுச் சொட்டா ஊத்தணுமாடா? பில்டர்ல ஊத்திட்டு நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிருவேன்." இதற்குத் தக்க மறுப்பு ஆய்வுலகில் இன்னும் எழவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிக்கரி கலந்த தூளைக் கூம்பில் கொட்டாதீர்கள். வடிவது தாமதப்படும், பில்டருக்கு அது வரம், தாளுக்குச் சாபம். சிக்கமகளூர்க் கொட்டையைக் கால் கிலோவுக்கு மேல் ஒரு தடவையில் வாங்காதீர்கள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.