ராஜாவாடிக்கு வழி சொன்னவன்

மும்பை காட்கோபர்வாசிகளில் இரண்டு வகை உண்டு. ராஜாவாடி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், ராஜாவாடிக்கு வழி சொன்னவர்கள். நான் ரொம்ப காலம் இரண்டாவது வகை. வித்யாவிஹார் ஸ்டேஷன்தான் கிட்ட என்பது தெரியாமல் எத்தனையோ பேரை காட்கோபர் ஸ்டேஷனிலிருந்து நடக்க விட்டிருக்கிறேன். பாதிப் பேருக்கு மூட்டுவலி.

ஆஸ்பத்திரியின் முழுப்பெயரில் சேட் வி.சி. காந்தி, எம்.ஏ. வோரா என்று இரண்டு பெயர்கள். எங்கள் பேட்டையில் சேட் பெயர் போட்டிருந்தால் குஜராத்தி டிரஸ்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது 500க்கும் மேல் படுக்கைகள் உள்ள மாநகராட்சி ஆஸ்பத்திரி.

2024 மே 13 அன்று சேடா நகர் பெட்ரோல் பங்கில் ராட்சத விளம்பரப் பலகை சரிந்து 17 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களில் பெரும்பாலோரை ராஜாவாடிக்குத்தான் கொண்டுபோனார்கள். 'முனிசிபல் ஆஸ்பத்திரி தாங்குமா?' என்று நான் டிவி முன்னால் உட்கார்ந்து கவலைப்பட்டேன். அங்கே யாரும் என் கவலைக்காகக் காத்திருக்கவில்லை.

இவ்வளவு இளக்காரத்துக்கும் காரணம் பர்ஸில் இருந்த மெடிகிளெய்ம் கார்டு. அதன் லட்சணம், தெருநாய் கடித்த அன்றுதான் தெரிந்தது. தினமும் நான் பார்லே-ஜி போட்டு வளர்த்த நாய். அன்றைக்கு மட்டும் பிஸ்கட் இல்லை.

உடனே முதலுதவி செய்தேன். மாட்டுங்காவில் வறுத்து அரைத்து வாங்கிய காபித்தூளைக் காயத்தில் அப்பினேன். சிக்கரி கலக்காதது.

பிறகு கார்டை எடுத்துக்கொண்டு ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனேன். 24 மணி நேரம் அட்மிட் ஆனால்தான் அந்தக் கார்டுக்கு மரியாதையாம். நாயோ என்னைப் படுக்கவைக்கும் அளவுக்குக் கடிக்கவில்லை.

கடைசியில் ராஜாவாடி. கேஸ் பேப்பர் என்கிற பதிவுச் சீட்டு எடுக்க வேண்டும் என்பதே தெரியாமல், ஒழுங்காக நகர்கிற ஒரு லைனாகப் பார்த்து நின்றுகொண்டேன். மகளோடு வந்திருந்த காமராஜ் நகர் அம்மா ஒருவர், திருநெல்வேலிப் பேச்சு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது புள்ளத்தாச்சிங்க லைன், தம்பி. ஒங்களுக்கு எத்தனாவது மாசம்?"

நரைத்த தலையைத் தம்பி என்றாரே, அன்றைக்கு அது ஒன்றுதான் லாபம். அவரே கேஸ் பேப்பர் ஜன்னலைக் காட்டினார். சொந்தப் பிரசவம் சயான் ஆஸ்பத்திரியில் என்றும் சொன்னார். 1947இல் 50 படுக்கையோடு தொடங்கி இன்று 1400ஐத் தாண்டிய ஆஸ்பத்திரி அது. தாய்ப்பால் வங்கி என்று ஒன்றை ஆசியாவிலேயே முதலில், 1989இல், தொடங்கியதும் அங்கேதான். அதற்கும் நான் வழி மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஊசி அறையில் இன்னொரு கூத்து. நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த உடம்பு. சிஸ்டர் திரும்புவதற்குள் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் மராத்தியில் கையைக் காட்டச் சொன்னார். அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

தொப்புள் ஊசியெல்லாம் மலையேறிவிட்டது. முதல் நாள், அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாள் கழித்து என்று கையில் தோலுக்குள்ளேயே போடுகிறார்கள். மாநகராட்சி ஆஸ்பத்திரியில் இலவசம். காபித்தூளைப் பார்த்த டாக்டர் மட்டும் "ஃபில்டரா?" என்று கேட்டார். மாட்டுங்காக்காரராக இருக்க வேண்டும்.

உங்களையும் நாய் கடித்தால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காபியைக் குடித்துவிட்டுக்கூடப் போகலாம், பூச வேண்டாம்.