பல் பிடித்தால் கால் நிற்கும்

கே: டிசம்பரில் கேதார்காந்தா போகிறோம். கிராம்பான் வாங்கலாமா, மைக்ரோஸ்பைக் போதுமா? டீமில் இரண்டு கட்சி! (காடுகோடி)

ப: கிராம்பான் கட்சித் தலைவர் யூடியூபில் எவரெஸ்ட் பார்த்திருப்பார். அது பூட்ஸில் மாட்டும் பல் சட்டம், செங்குத்தான கெட்டிப் பனிச்சரிவுக்கு. ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் 1908-ல் பத்துப் பல்லோடு வடிவமைத்தார். 1929-ல் லோரன் கிரிவெல் முன்பக்கம் இரண்டு பல் நீட்டிவிட, பனிச்சுவரிலேயே ஏற ஆரம்பித்தார்கள். கேதார்காந்தாவோ சுமார் 12,500 அடி. சுவர் இல்லை, பாதை உண்டு. பழக்கமில்லாதவருக்கு அந்த நீளப் பல் சொந்த பேன்ட்டிலேயே மாட்டிக் குப்புறத் தள்ளும். உங்களுக்கு மைக்ரோஸ்பைக்தான்: ரப்பர் வளையம், அடியில் சங்கிலி, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் எஃகுப் பற்கள். உச்சிக்கு இருட்டிலேயே கிளப்பிவிடுவார்கள். முதல்நாள் எல்லாரும் மிதித்த பாதை அப்போது கண்ணாடியாக இறுகிக் கிடக்கும். மைக்ரோஸ்பைக்குக்கு வேலை அங்கேதான்.

கே: பற்களுக்குப் பதில் சுருள்கம்பி வைத்தது விலை குறைவாக இருக்கிறதே?

ப: டொரண்டோவில் பால் வாங்க நடக்கும் உங்கள் அண்ணனுக்கு அனுப்பிவையுங்கள். சமதரைக்கு அது போதும். சரிவில் கைவிட்டுவிடும்.

கே: அடிவாரக் கிராமமான சாங்க்ரியில் வாடகைக்கே கிடைக்குமாமே?

ப: கிடைக்கும். இழுத்துப் பார்த்து வாங்குங்கள். ரப்பரில், குறிப்பாகச் சங்கிலி கோத்த ஓட்டைகளைச் சுற்றி, வெடிப்பு இருந்தால் வேண்டாம். பல் மழுங்கியிருந்தாலும் வேண்டாம். போடப்போகும் பூட்ஸிலேயே மாட்டி, குதிகாலை உதறுங்கள். நகர்ந்தால் சைஸ் பெரிது.

கே: பழகிப் பார்க்க வைட்ஃபீல்டில் பனிக்கு எங்கே போவேன்? (வர்த்தூர் ரோடு)

ப: வர்த்தூர் ரோட்டில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? 2015-ல் வர்த்தூர் ஏரி நுரை தள்ளி ரோட்டில் பறந்ததே! சோப்பும் சாக்கடையும் கலந்த அந்தப் பனியில் எந்த ஸ்பைக்கும் நிற்காது. முதலில் மாட்டப் பழகுங்கள். கையுறையோடு, விளக்கை அணைத்துவிட்டு, முன்பக்கத்தை விரலில் கோத்துக் குதிகாலுக்கு இழுங்கள். பிறகு புல்தரையில் நாலு எட்டு. லாபி டைல்ஸில் மட்டும் வேண்டாம்: டைல் கீறும், நீங்கள் சறுக்குவீர்கள், அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் படமும் வரும்.

கே: நம் எடை அழுத்தி உருக்குவதால்தானே பனிக்கட்டி வழுக்குகிறது?

ப: பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் நம் எடைக்கு உருகுநிலை இம்மியளவுதான் இறங்கும். மைனஸ் பத்து டிகிரியில் அது எந்த மூலைக்கு? மேற்பரப்பு மூலக்கூறுகளுக்கு மேலிருந்து பிடிமானம் கிடையாது, அதனால் அங்கே நீர் போன்ற மெல்லிய படலம் இருக்கிறது. ஃபாரடே 1850-லேயே ஊகித்த விஷயம். ரப்பர் அடிப்பாகம் அதன்மேல் மிதக்கும். பல் துளைத்து இறங்கும்.

கே: சாதர் பனிப்பாதையில் லடாக்காரர்கள் வெறும் கம்பூட்ஸில் நடக்கிறார்களே?

ப: பிறந்ததிலிருந்து உறைந்த சன்ஸ்கார் ஆற்றில் நடப்பவர்கள். காலைத் தூக்காமல் தேய்த்தபடியே போவார்கள். பனிக்கட்டிமேல் தண்ணீர் ஏறினால் பூட்ஸ் காக்கும். நீங்கள் அவுட்டர் ரிங் ரோட்டில் பிறந்தவர், மாட்டிக்கொள்ளுங்கள்.

கே: மாட்டினால் விழவே மாட்டேனா?

ப: விழலாம். இறங்கும்போது குதிகாலை மட்டும் ஊன்றாமல் பாதம் முழுக்கப் பதியுங்கள், எல்லாப் பல்லும் பிடிக்கட்டும். வெயில் ஏறி இளகிய பனி அடியில் உருண்டையாக ஒட்டிக்கொண்டால் குச்சியால் தட்டிவிடுங்கள். வெறும் பாறை வந்தால் கழற்றிப் பையில் போடுங்கள்.