டம்ளருக்குப் பிடித்த சுரம்

எங்கள் வீட்டுச் சமையலறையில் கவிழ்த்து அடுக்கியிருக்கும் எவர்சில்வர் டம்ளர்களுக்கு ‘ஏ’ நோட் என்றால் உயிர். பக்கத்து அறையில் பேஸ் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் செருகி மூன்றாவது கம்பியைச் சும்மா மீட்டினால் போதும். 55 ஹெர்ட்ஸ். அடுத்த நொடியே அலமாரியில் கிணுகிணுவென்று கச்சேரி ஆரம்பமாகிவிடும். ‘பி’ நோட்டுக்கு ஒரு டம்ளரும் வாய் திறக்காது.

இவற்றின் சங்கீத ஞானம் எனக்கு விளங்கியது ஆர்ப்பெஜியோ சாதகம் பண்ண உட்கார்ந்தபோதுதான். ஆர்ப்பெஜியோ என்றால் பயந்துவிட வேண்டாம். ஒரு கார்டில் உள்ள நோட்டுகளை ஒட்டுமொத்தமாக அமுக்காமல் ஒவ்வொன்றாக வாசிப்பது, அவ்வளவுதான். ஏ மேஜர் வாசித்தேன், டம்ளர் ஆடியது. டி மேஜர் வாசித்தேன், அதற்கும் ஆடியது. எஃப் மேஜருக்கும் ஆடியது. ஜி மேஜருக்கு மட்டும் கப்சிப். கணக்குப் போட்டுப் பார்த்தால் நியாயம்தான். ஏ மேஜரில் ‘ஏ’ ஆதார சுரம், டி மேஜரில் அதுவே பஞ்சமம், எஃப் மேஜரில் காந்தாரம். ஜி மேஜர் என்பது ஜி, பி, டி. அந்த வீட்டில் ஏ-வுக்கு இடமே இல்லை. கீபோர்டுக்காரர் கார்டுக்கு மேல் கார்டாக மாற்றிக்கொண்டு போகும்போது, பொதுவான ஒரு நோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கௌரவமாகத் தப்பிக்கலாம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவை அந்த டம்ளர்கள்தான்.

“அந்த டம்ளரை உடைச்சாத்தான் உனக்கு நிம்மதியா?” என்பாள் அம்மா. எவர்சில்வர் உடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

பெரியப்பாவின் புகார் வேறு. அவர் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர். நான் ச-க-ப-ச, ச-ப-க-ச என்று ஏறி இறங்குவதை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். “ரிஷபம், மத்தியமமெல்லாம் ஊருக்குப் போயிருக்காடா?” என்றார். மேஜரை மைனராக்கிக் காட்டினேன். “ஓ, அந்தர காந்தாரத்தை எடுத்துட்டு சாதாரண காந்தாரம் போடறே. இதுக்கு எதுக்குடா மேஜர், மைனர்னு பட்டாளத்து உத்தியோகமெல்லாம்?” என்று உள்ளே போய்விட்டார்.

பேஸ் கிட்டாரில் ஒரு சௌகரியம் உண்டு. சி மேஜருக்கு நடுவிரலை மூன்றாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில் வையுங்கள். அதற்கு அடுத்த மெல்லிய கம்பியில், இரண்டாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், ஐந்தாம் ஃப்ரெட்டில் சுண்டுவிரல். அதே சுண்டுவிரலை முதல் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு நகர்த்தினால் மேல் ஷட்ஜம். கம்பிகளெல்லாம் ஒரே இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட்டிருப்பதால் இந்த வடிவத்தை அப்படியே எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் மேஜர்தான். பாடகருக்கு ஜலதோஷம், ஒரு கட்டை இறக்கிப் பாடுகிறார் என்றால் நான் இரண்டு ஃப்ரெட் இறங்கினால் வேலை முடிந்தது. சுண்டுவிரல்தான் பாவம். பிறந்ததிலிருந்து காது குடைவதைத் தவிர வேறு ஜோலி தெரியாத விரல் அது.

இவ்வளவு சாதகமும் முடித்து கல்யாண ரிசப்ஷன் மேடையில் ஏறினால், அங்கே ஆர்ப்பெஜியோவை யாரும் கேட்பதில்லை. ‘இளைய நிலா’ பாட்டில் கிட்டார்க்காரர் கார்டைப் பிரித்துப் பிரித்து வாசிக்கும்போது பந்தியில் இருப்பவர்கூட அப்பளத்தை நிறுத்திவிட்டுத் தலையாட்டுவார். அதே நோட்டுகளை நான் கீழே வாசித்தால், “சவுண்டு, கொஞ்சம் பேஸைக் குறைங்க” என்று ஒரு மாமா கை காட்டுவார்.

அதிலும் காந்தாரத்தோடு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அடிக்கம்பிகளில் ஆதாரத்தையும் காந்தாரத்தையும் சேர்த்து அடித்தால் லாரி கிளம்புகிற சத்தம்தான் வரும். ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசித்தால் தேன். என் கட்சி இதுதான்: வீட்டில் ஆர்ப்பெஜியோ முழுவதையும் வாசி, மேடையில் அதில் பாதிக்கு மேல் வாசிக்காதே. சி-யிலிருந்து எஃப்-புக்குப் போகிற கட்டத்தில் நாலு அடி இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் சி, மூன்றாவதுக்கு ஜி, நாலாவதுக்கு ஈ. ஈ என்பது சி மேஜரின் காந்தாரம்; எஃப்-புக்கு அரை சுரம்தான் பாக்கி. வாசற்படியில் கால் வைத்தாகிவிட்டது, இனி எஃப்-புக்குள் நுழைய யாரையும் கேட்க வேண்டாம். டிரம்ஸ்காரர் அந்த இடத்தில் என்னைப் பார்த்து ஒரு புருவம் தூக்குவார். பேஸ் கிட்டாரிஸ்டுக்குக் கிடைக்கும் கைத்தட்டல் அந்தப் புருவம்தான்.

டெட்ராய்ட்டில் மோட்டவுன் ஸ்டுடியோவில் 1960களில் பேஸ் கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் ஜேமர்சன் செய்ததும் இந்த வேலைதான். கார்டு நோட்டுகளோடு நடுநடுவே அண்டைவீட்டு நோட்டுகளையும் இழுத்துப் போட்டு, தாளத்தை இடம் தள்ளி எடுத்து, அடிக்குரலை ஓடவிட்டார். அத்தனையும் வலது கையின் ஒரே ஆள்காட்டி விரலால். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம். ஏகப்பட்ட ஹிட் பாட்டுகளில் வாசித்தும் ஆல்பம் உறைகளில் பேர் கிடையாது. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில் பேர் அச்சாக 1971 வரவேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகையில் என் பேர் ‘மற்றும் குழுவினர்’ என்று வருவதைப் பற்றி அதற்கப்புறம் நான் வாய் திறப்பதில்லை.

பேர் இல்லாவிட்டால் என்ன, அதிகாரம் இருக்கிறது. மேலே எல்லோரும் சி மேஜர் வாசித்துக்கொண்டிருக்கும்போது கீழே நான் ஏ-வில் போய் நின்றால், அது ஏ மைனர் செவன்த் ஆகிவிடும். கல்யாண வீடு ஒரு நிமிஷம் சோகமாகும், காரணம் யாருக்கும் தெரியாது. இதைக் கெடுக்கக்கூடிய ஒரே ஜீவன், கீபோர்டுக்காரரின் இடது கை. நான் பார்த்துப் பார்த்து ஈ-யில் போய் நின்றால், அது பக்கத்திலேயே சி-யைத் தொம்மென்று அழுத்தும். லாரி கிளம்பிவிடும்.

போன ரிகர்சலில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேவிட்டேன். “அண்ணே, நான் வாசிக்கிற இடத்துல உங்க இடது கைக்கு மட்டும் கொஞ்சம் ரெஸ்ட் கொடுக்க முடியுமா?”

“அதுக்கென்ன தம்பி, தாராளமா” என்றார். “அந்தக் கைக்கான பேமெண்ட்டை உன் பங்குலேர்ந்து கழிச்சுக் கொடுத்துடு.”