தெருமுனைவர்

காலை ஐந்தே முக்கால். நங்கநல்லூரில் பால் பாக்கெட் வந்தாயிற்று, பேப்பர் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில்தான் தெருமுனைவர் வெளியே வருவார். காலில் வாக்கிங் ஷூ, காதில் சகஸ்ரநாமம், கையில் இறுக முடிந்த கறுப்புக் கவர். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வந்ததும் நடை தளராது, தலை திரும்பாது. கை மட்டும் லேசாக அசையும். அடுத்த கம்பத்தைத் தாண்டும்போது அவர் வெறுங்கையர்.

அந்த இடத்தில் முன்பு குப்பைத் தொட்டி இருந்தது. வீடு வீடாக வந்து வாங்குகிறோமே, தொட்டி எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். தொட்டி போயிற்று, தெருமுனைவரின் விசுவாசம் போகவில்லை. சுவரில் 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று எழுதினார்கள். இருட்டில் இடம் கண்டுபிடிக்க வசதியாயிற்று. பிள்ளையார் படம் ஒட்டினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, இரண்டடி தள்ளி வீசினார். கோலம் போட்டுப் பார்த்தார்கள். மிதிக்காமல் எறியப் பழகிக்கொண்டார்.

அவரை அழுக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். குப்பை ஒரு ராத்திரி வீட்டில் தங்கினால் லட்சுமி தங்கமாட்டாள் என்பார். சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போனபோது ஒரு மிட்டாய்க் காகிதத்தைக்கூடக் கீழே போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சுற்றினார். மீனம்பாக்கத்தில் இறங்கி, பையைக் காலி செய்துவிட்டுச் சொன்னார்: "அங்கெல்லாம் என்ன டிசிப்ளின் சார்!"

ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு பேட்டரி வண்டி வாசலுக்கே வருகிறதே, அதில் கொடுத்தால் என்ன? அவரிடம் மூன்று பதில்கள் உண்டு. ஒன்று, அது அவர் குளிக்கும் நேரம். இரண்டு, வண்டியோடு வரும் அம்மா, "மக்குறது தனியா, மக்காதது தனியா குடுங்க சார்" என்கிறார். பேங்க் மேனேஜராக ரிட்டயரானவரைக் கேள்வி கேட்கலாமா? மூன்றாவது பிரம்மாஸ்திரம்: "நாம பிரிச்சுக் குடுத்தாலும் அவங்க ஒண்ணாத்தான் கொட்டுறாங்க. என் கண்ணால பார்த்தேன்." பொய்யில்லை, பார்த்தார்தான். ஒரு நாள் பார்த்ததை வைத்து ஆயுள் முழுக்க லீவு எடுத்துக்கொண்டார்.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்குவது, மக்காதது, அபாயக் கழிவு (பழைய பேட்டரி, காலாவதி மருந்து மாதிரி). தெருமுனைவர் வீட்டிலும் மூன்று பிரிவு உண்டு. காயலாங்கடையில் காசாவது, பரணில் ஏறுவது, முனைக்குப் போவது. முதல் பிரிவில் அவரை மிஞ்ச ஆளில்லை. இங்கிலீஷ் பேப்பர் தனி, தமிழ்ப் பேப்பர் தனி. பால் கவரைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார். இரண்டாவது பிரிவில், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட கேரிபேக்குகளின் கையிருப்பு இன்னும் தீரவில்லை. தினமும் ஒன்று மூன்றாவது பிரிவைச் சுமந்துகொண்டு முனைக்குப் போகிறது. ஆக, பிரிக்கத் தெரியாதவர் இல்லை. கத்தரிக்காய்க் காம்புக்குக் கிலோ இரண்டு ரூபாய் என்று யாராவது அறிவித்தால், மறுநாளே ஊருக்கு வகுப்பெடுப்பார்.

போன மாதம் பேரனுக்குப் பறவை காட்ட, என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போனார். 2022இல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் அது. அதை ஒட்டியே பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. காற்று திரும்பியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எவன்டா இவ்வளவையும் கொண்டாந்து கொட்டினது?" என்று பொங்கினார். அங்கே மலையாகச் சேர்ந்த பழைய குப்பையைத் தோண்டி, இயந்திரத்தில் சலித்து, மண் வேறு பிளாஸ்டிக் வேறாகப் பிரித்தெடுக்க மாநகராட்சி கோடிக்கணக்கில் செலவழிப்பதைச் சொன்னேன். "வரிப்பணம் சார், நம்ம வரிப்பணம்!" என்று இன்னும் பொங்கினார். அடுப்படியில் ஒரு நிமிஷத்தில் ஆகிற வேலைதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேரன், "தாத்தா, பூநாரை!" என்று கத்திவிட்டான்.

கடைசியில் தெருமுனைவரைத் திருத்தியது வண்டிக்கார அம்மாதான். ஒரு நாள் ஏழேகாலுக்கு அவர் வீட்டுக் காலிங்பெல் அடித்தது. ஈரத் தலையோடு வந்து கதவைத் திறந்தார். அந்த அம்மா கையில் கறுப்புக் கவர். அதன் வாயில் ஆன்லைனில் சட்டை வந்த பிளாஸ்டிக் உறை நீட்டிக்கொண்டிருந்தது. உறை மேலே ஸ்டிக்கர்: பெயர், கதவு எண், செல் நம்பர்.

"சார், உங்க பார்சல் வழி தெரியாம முனையில கிடந்துச்சு. அட்ரஸ் கரெக்டான்னு பார்த்துக்குங்க."

"தேங்க்ஸ்மா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"என்னங்க, மறுபடியும் என்ன ஆர்டர் பண்ணீங்க?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அன்றிலிருந்து அவர் ஆளே மாறிவிட்டார். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கத்தரிக்கோலும் கையுமாகக் கூடத்தில் உட்கார்ந்து, குப்பையை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்துத் தரம் பிரிக்கிறார். முகவரி உள்ளது ஒரு பக்கம், இல்லாதது ஒரு பக்கம்.